பூச்சுக் கொட்டகையில் மூன்று கேமராக்கள்: மாசியில் தொடங்கி ஆனியில் முடிந்த வேலை

சென்ற வியாழன் இரவு பத்தேகால் மணிக்கு, கொட்டகையில் ஆள் யாரும் இல்லாமலேயே 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி ஆடி ஒன்றுக்கு அலுமினியப் பூச்சு ஏறி முடிந்தது. நான் நாற்பது மீட்டர் தள்ளியிருக்கும் கன்ட்ரோல் அறையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, திரையில் மூன்று கேமராப் படங்களையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மூன்றிலும் ஒரு வரிகூடக் கிழியவில்லை. மாசியில் கையில் எடுத்த வேலை இந்த நிலைக்கு வர ஆனி ஆகிவிட்டது. நடுவில் எங்கெல்லாம் வழி தவறினேன் என்பது மறந்துபோவதற்குள் எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஆய்வகம் கொடைக்கானலில், பெருமாள்மலையைத் தாண்டி மேலே ஏறும் பாதையில் இருக்கிறது. தொலைநோக்கி ஆடிகளின் பழைய பூச்சைக் கரைத்து எடுத்துவிட்டு, வெற்றிடச் சேம்பரில் வைத்துப் புதிய அலுமினியப் பூச்சு போட்டுக் கொடுப்பது எங்கள் வேலைகளில் ஒன்று. சேம்பர் தகரக்கூரை போட்ட கொட்டகையில் இருக்கிறது. வால்வுகள், அலுமினியத்தை ஆவியாக்கும் ஃபிலமென்ட்டுக்கான மின்சாரம், வெற்றிட அளவி ஒன்று ஆகியவை முன்பே, கருவிகளைக் கணினியிலிருந்து இயக்கும் எபிக்ஸ் மென்பொருளின் கட்டுப்பாட்டில் இருந்தன. ஆனால் மூன்று விஷயங்களைக் கண்ணால்தான் பார்க்க வேண்டியிருந்தது. டங்ஸ்டன் ஃபிலமென்ட்டில் மாட்டிய அலுமினியத் துண்டுகள் உருகிக் கம்பியில் ஒட்டிப் பரவுகின்றனவா என்பது முதலாவது. வெற்றிடத்தை அளந்து காட்டும், ஆனால் கம்பி வழியாக எதையும் வெளியே தராத பழைய பென்னிங் அளவியின் முள் இரண்டாவது. வெற்றிடத்தை உண்டாக்கும் டிஃப்யூஷன் பம்பைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிறதா என்று காட்டும் கண்ணாடிக் குழாய் மூன்றாவது. இவற்றுக்காக ஒருவர் நான்கு மணி நேரம் ரோட்டரி பம்பின் சத்தத்திலும் எண்ணெய்ப் புகையிலும் நிற்க வேண்டியிருந்தது. அந்த ஒருவர் பெரும்பாலும் நான்தான்.

முதலில் 2,900 ரூபாய்க்குச் சாதாரண சிசிடிவி கேமரா ஒன்றை வாங்கிச் சேம்பரின் ஜன்னல் கண்ணாடிக்கு முன் மாட்டினேன். ஃபிலமென்ட் சிவக்கத் தொடங்கியதும் கேமரா தானாகவே வெளிச்ச அளவை மாற்றிக்கொண்டது. கம்பி வெள்ளைத் திட்டாகவும் மற்ற இடம் முழுவதும் கறுப்பாகவும் தெரிந்தன. அந்தத் தானியங்கி வேலையை நிறுத்த அதில் வழி இல்லை. படமும் ஒன்றரை விநாடி தாமதித்தே வந்தது. ஃபிலமென்ட்டுக்கு மின்சாரத்தை ஏற்றுகிறவனுக்கு ஒன்றரை விநாடி என்பது மிக நீண்ட நேரம். அந்தக் கேமரா இப்போது வாசல் கம்பத்தில் இருந்துகொண்டு, இரவில் காட்டெருமை வருவதைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

அடுத்து, நெட்வொர்க் கேபிள் வழியாகப் படம் அனுப்பும் கிக்-ஈ விஷன் தரத்தில் இயங்கும் பழைய கேமராக்கள் மூன்றை, ஒன்று 17,500 ரூபாய் வீதம் வாங்கினேன். மூன்றும் கறுப்பு வெள்ளை; 1920-க்கு 1200 புள்ளிகள்; ஒரு புள்ளிக்கு ஒரு பைட். அதாவது ஒரு படம் 23,04,000 பைட். இந்தக் கணக்கைப் பிறகு பல தடவை போட வேண்டியிருந்தது. மென்பொருள் பக்கத்தில் கேமராக்களைக் கையாளும், எபிக்ஸின் ஏரியா டிடெக்டர் தொகுப்பும், கேமராவோடு பேசுவதற்கு அராவிஸ் நூலகமும் போதும். இரண்டும் இலவசம், இரண்டுமே நன்றாக வேலை செய்கின்றன. நான் இழந்த நாட்களில் ஒன்றுகூட அவற்றின் கணக்கில் சேராது.

முகவரி தருவதிலேயே முதல் தடங்கல். கேமராவை நெட்வொர்க் சுவிட்சில் சொருகியதும் அது 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே எடுத்துக்கொண்டது. கணினி 192.168 வகையில் இருந்தது. பட்டியலில் கேமராவின் பெயர் தெரிந்தது, திறக்கத்தான் முடியவில்லை. கேமராக்களுக்கென்றே கணினியில் இரண்டாவது நெட்வொர்க் கார்டு போட்டு, அதற்கு 10.10.5.1 என்றும், கேமராக்களுக்கு 11, 12, 13 என்று முடியும்படியும் நிலையான முகவரிகளைக் கொடுத்தேன். மறுநாள் கரன்ட் போய் வந்ததும் மூன்றும் பழையபடி 169.254-க்கே போய்விட்டன. முகவரியை எழுதி வைப்பது ஓர் அமைப்பு, எழுதிய முகவரியைப் பயன்படுத்து என்று சொல்வது வேறோர் அமைப்பு. இரண்டாவதை நான் தொடவே இல்லை. இப்போது ஒவ்வொரு கேமராவின் முதுகிலும் முகவரியையும் வரிசை எண்ணையும் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஏணியில் நின்றுகொண்டு எது எந்தக் கேமரா என்று யோசிக்கும் வேலை மிச்சம்.

அதன்பின் வந்தது என்னை இரண்டு நாள் சுற்றவிட்ட பிழை. கேமரா திறந்தது, எக்ஸ்போஷரை மாற்றினால் மாறியது, கேமராவின் உள் வெப்பநிலையைக் கேட்டால் சொன்னது, ஆனால் படம் மட்டும் ஒன்றுகூட வரவில்லை. கட்டளைக்குப் பதில் வருவதால் கணினிப் பக்கம் சரியாகத்தான் இருக்கிறது என்று முடிவுகட்டி, கேபிள் முனைகளை வெட்டி மறுபடி கிரிம்ப் செய்தேன், சுவிட்சில் போர்ட்டை மாற்றினேன், டிரைவரின் பழைய பதிப்பை எடுத்துக் கட்டிப் பார்த்தேன். கடைசியில் நெட்வொர்க் கார்டில் வந்து சேரும் பாக்கெட்டுகளை, அதாவது தரவுத் துண்டுகளை, பதிவுசெய்து பார்த்தபோது, கேமராவிலிருந்து படத்தின் பாக்கெட்டுகள் ஆயிரக்கணக்கில் வந்து குவிவது தெரிந்தது. வாசல்வரை வந்தவற்றை உள்ளே விடாமல் தடுத்தது லினக்ஸின் ஃபயர்வால். கட்டளைகள் யு.டி.பி. 3956 என்ற போர்ட்டுக்குக் கணினியிலிருந்து போகின்றன, அவற்றுக்கான பதில், கேட்டதற்கு வந்த பதில் என்பதால் அனுமதிக்கப்படுகிறது. படத்தையோ கேமரா தானாகவே வேறொரு போர்ட்டுக்கு அனுப்புகிறது. ஃபயர்வாலின் கண்ணுக்கு அது அழையா விருந்தாளி. கேமராக்களுக்கான கார்டை மட்டும் நம்பகமான வலையாகக் குறித்ததும் படம் வந்தது. அதோடு, கணினி பெறும் பாக்கெட்டுகளுக்கான இடைநிலை நினைவகத்தின் உச்சத்தை 32 மெகாபைட்டாக உயர்த்திவிட்டேன்; இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

படம் வந்தது என்று சொன்னது எண்ணிக்கையைப் பார்த்துத்தான். எண் ஏறிக்கொண்டிருந்தாலும் திரை கறுப்பாகவே இருந்தது. ஏரியா டிடெக்டரில் படத்தைத் திரைக்கு அனுப்பும் செருகுநிரல், தொடக்கத்தில் அணைந்த நிலையிலேயே இருக்கும். அதை இயக்க வேண்டும். இயக்கிய பிறகும் கன்ட்ரோல் அறையில் இருந்த பழைய கணினியில் வரவில்லை. எபிக்ஸில் ஒரே தடவையில் அனுப்பக்கூடிய தரவின் அளவு அந்தக் கணினியில் பழைய வழக்கப்படி 16,384 பைட்டாக இருந்தது. அதை 40 லட்சமாக்கியதும், பென்னிங் அளவியின் முள் முதல்முறையாகத் திரையில் தெரிந்தது. 1904 முதல் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்துவரும் வானாய்வகம் இருக்கிற ஊரில், ஒரு டயலைப் படம் பிடிக்க நான் பட்ட பாட்டை யாரிடமும் சொல்லவில்லை.

இதுவரை எல்லாமே செம்புக் கேபிளில் ஓடின. கொட்டகைக்கும் கன்ட்ரோல் அறைக்கும் நடுவே நாற்பது மீட்டர் கேட்-6 கேபிளைச் சுவரோரமாக இழுத்து, கொட்டகையில் கேபிள் வழியாகவே கேமராவுக்கு மின்சாரமும் தரும் பி.ஓ.இ. சுவிட்ச் ஒன்றை 4,600 ரூபாய்க்கு வாங்கி வைத்திருந்தேன். சித்திரை இரண்டாம் வாரத்தில் ஒரு மாலை இடியோடு மழை பெய்தது. மறுநாள் காலையில் சுவிட்சில் இரண்டு போர்ட்டுகளும் கணினியில் ஒரு நெட்வொர்க் போர்ட்டும் செத்திருந்தன. கேமராக்கள் பிழைத்தது தெய்வச் செயல். எங்களுக்கு வயரிங் வேலை செய்கிற எலக்ட்ரீசியன் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, “தம்பி, ரெண்டு கட்டடத்துக்கும் எர்த்து வேற வேற. நடுவுல செம்பைப் போட்டா இடி அதுலதானே ஓடும்?” என்றார். “முன்னாடியே சொல்லியிருக்கலாமேண்ணே” என்றேன். “நீங்க கேக்கவே இல்லையே” என்றார்.

ஆகவே இரு கட்டடங்களுக்கும் நடுவே கண்ணாடி இழை. முனை போட்டே வந்த 60 மீட்டர் ஃபைபர் கேபிளும் செம்புக் கேபிளையும் ஃபைபரையும் இணைக்கும் இரண்டு மீடியா கன்வெர்ட்டர்களும் சேர்த்து 5,800 ரூபாய். எலி கடிக்காமலிருக்க முழு நீளத்தையும் ஒரு அங்குலப் பிவிசி குழாய்க்குள் விட்டோம். புதிய சுவிட்ச் அமைப்புகளை மாற்றக்கூடிய வகை. எட்டு போர்ட், 11,400 ரூபாய். மாட்டி முடித்துப் படத்தைத் திறந்தால், சரியாக வரவில்லை.

கிக்-ஈ கேமராவில் பெரிய பாக்கெட்டுகளைப் பயன்படுத்துவது வழக்கம். ஒரு பாக்கெட்டின் உச்ச அளவான எம்.டி.யூ. 1500 என்றால் எங்கள் படம் ஒன்றுக்கு 1,574 பாக்கெட்டுகள் வேண்டும். 9000 என்றால் 258 போதும். கணினியிலும் சுவிட்சிலும் 9000 வைத்திருந்தேன். பாதையில் நடுவே இருக்கும் மீடியா கன்வெர்ட்டரைப் பற்றி நினைக்கவில்லை, அதற்கு அமைப்புப் பக்கமே கிடையாது, இரண்டு விளக்குகள் மட்டும். துண்டாக்கக் கூடாது என்ற கட்டளையோடு ஒரு கேமராவுக்குப் பிங் (போய்ச் சேர்கிறதா என்று பார்க்கும் சோதனைப் பாக்கெட்) அனுப்பிப் பார்த்தேன்: 1472 பைட் போனது, 8972 பைட் போகவில்லை. தலைப்புகளுக்கான 28 பைட்டைச் சேர்த்தால் இவை சரியாக 1500-ம் 9000-மும் ஆகும். ஒரு நிமிடத்தில் முடிகிற இந்தச் சோதனையை, மூன்று நாள் டிரைவர் அமைப்புகளைப் புரட்டிய பிறகே செய்தேன். எம்.டி.யூ.வை 1500-க்கு இறக்கினால் ஒரு கேமரா ஓடியது, மூன்றுக்கும் சேர்த்துப் பழைய கணினியால் ஈடுகொடுக்க முடியவில்லை.

பெரிய பாக்கெட்டை விடும் கன்வெர்ட்டர் வாங்கலாமா என்று இரண்டு நாள் விலை விசாரித்துக்கொண்டிருந்தபோதுதான், கேள்வியே தவறு என்பது உறைத்தது. கேமராவின் கச்சாப் படம் எதற்காகக் கொட்டகையை விட்டு வெளியே வர வேண்டும்? மின்விசிறி இல்லாத, இரண்டு நெட்வொர்க் போர்ட் உள்ள சிறிய கணினி ஒன்றை 21,000 ரூபாய்க்கு வாங்கி, கொட்டகையிலேயே சுவிட்சுக்குப் பக்கத்தில் மாட்டினேன். ஒரு போர்ட்டில் கேமராக்கள், மற்றொன்றில் ஃபைபர். டிரைவர் அங்கேயே ஓடுகிறது. படத்தை நீள அகலத்தில் பாதியாக்கி, விநாடிக்கு 5 படம் வீதம் எபிக்ஸ் வழியாகக் கன்ட்ரோல் அறைக்கு அனுப்புகிறது. மூன்று கேமராவுக்கும் சேர்த்து விநாடிக்கு 8.6 மெகாபைட்தான், ஃபைபரில் அது ஒரு பொருட்டே இல்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று இரண்டு நாள் நினைத்திருந்தேன். மூன்றாம் நாள், மூன்று கேமராக்களும் சேர்ந்து ஓடும்போது படங்கள் நடுநடுவே கறுப்புப் பட்டைகளாகக் கிழிந்தன. ஆனால் ஒரு விசித்திரம்: சில நிமிடம் மிகச் சுத்தமாக இருக்கும், பிறகு அரை நிமிடம்போல் கிழியும், மறுபடி சுத்தமாகிவிடும். அலை வந்து போவதைப்போல. ரோட்டரி பம்பின் மோட்டார்தான் காரணம் என்று நினைத்து அதை நிறுத்திப் பார்த்தேன், அலை நிற்கவில்லை. கேமராவின் வேகத்தை விநாடிக்கு 10 படத்திலிருந்து 5 ஆகக் குறைத்தேன். கிழிவது அடிக்கடி வரவில்லையே தவிர, வந்தபோது அதே மோசம்.

வேகத்தைக் குறைத்தால் என்ன நடக்கிறது என்பதை அப்போதுதான் உட்கார்ந்து யோசித்தேன். விநாடிக்கு ஐந்து படம் எடுத்தாலும், ஒவ்வொரு படத்தையும் கேமரா முழு ஜிகாபிட் வேகத்தில் ஒரே மூச்சில் கொட்டுகிறது. மூன்றும் தனித்தனிக் கடிகாரத்தில் ஓடுவதால், பெரும்பாலும் ஒன்று கொட்டும்போது மற்றவை சும்மா இருக்கும். கடிகாரங்கள் சிறிது சிறிதாக விலகி மூன்றும் ஒரே கணத்தில் வந்து நிற்கும்போது, மூன்று ஜிகாபிட் வரவு கணினிக்குப் போகும் ஒரே ஒரு ஜிகாபிட் போர்ட்டில் முட்டி, சுவிட்சின் சிறிய நினைவகம் நிரம்பி வழிந்துவிடுகிறது. பண்டிகை நாளில் வத்தலக்குண்டு சாலை மேலே வந்து குறுகுமிடத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பாக்கெட்டுக்கும் பாக்கெட்டுக்கும் நடுவே இடைவெளி விடச் சொல்லும் அமைப்பு கேமராவிலேயே இருக்கிறது. 9000 பைட் பாக்கெட் ஒன்று ஜிகாபிட் கம்பியில் போக 72 மைக்ரோ விநாடி ஆகும். மற்ற இரண்டு கேமராக்களின் பாக்கெட்டுகள் நுழைய 144, கொஞ்சம் தாராளமாக 160 மைக்ரோ விநாடி என்று கணக்கிட்டு, கட்டத்தில் 160 என்று எழுதினேன். ஒரு மாற்றமும் இல்லை. கணக்குத் தவறோ என்று ஒரு மாலை முழுவதும் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கணக்கு சரிதான், அலகுதான் தவறு. அந்தக் கட்டம் மைக்ரோ விநாடியைக் கேட்கவில்லை, கேமராவின் உள்கடிகாரத் துடிப்புகளைக் கேட்கிறது. எங்கள் கேமராவில் ஒரு துடிப்பு 8 நானோ விநாடி. நான் கொடுத்திருந்த இடைவெளி 1.28 மைக்ரோ விநாடிதான். 20,000 என்று எழுதியதும் அலை நின்றது. இப்போது ஒரு படம் போய்ச் சேர 258-ஐ 232 மைக்ரோ விநாடியால் பெருக்கிய அளவு, ஏறக்குறைய 60 மில்லி விநாடி ஆகிறது. விநாடிக்கு 10 படத்துக்கு அது தாராளம்.

நெட்வொர்க் அடங்கிய பிறகு மிச்சமிருந்தது கண்ணாடியும் வெளிச்சமும். ஃபிலமென்ட்டைப் பார்க்கும் கேமராவில் தானியங்கி எக்ஸ்போஷர், தானியங்கி கெயின் இரண்டையும் அணைத்தேன். ஆனால் மிகக் குறைந்த எக்ஸ்போஷரிலும் கம்பி வெளிறியது. லென்சுக்கு முன்னால் வெல்டிங் முகமூடிக்குப் போடும் 10-ஆம் எண் கறுப்புக் கண்ணாடியை வைத்தேன். வத்தலக்குண்டு ஹார்டுவேர் கடையில் 40 ரூபாய். அதன் பச்சை நிறம் கறுப்பு வெள்ளைக் கேமராவுக்குப் பொருட்டல்ல. கம்பியின் ஒவ்வொரு சுற்றும் தனித்தனியாகத் தெரிந்தது. அலுமினியத் துண்டு முதலில் தளர்ந்து தொங்கி, திரண்டு மணியாகி, பிறகு சட்டென்று கம்பி நெடுகப் பரவுவதை, ஜன்னலில் கண்ணை வைத்துப் பார்த்த நாட்களைவிடத் தெளிவாகப் பார்க்க முடிந்தது.

முதல் சோதனையில் அலுமினியம் ஆவியாகிச் சேம்பர் முழுவதும் படிந்தபோது ஜன்னல் கண்ணாடியிலும் படிந்துவிட்டது. படம் இருண்டது. சேம்பரைத் திறக்குமுன் கொட்டகை விளக்கைப் போட்டால், திரையில் கேமரா தன் லென்சையே பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் போட்டதிலேயே மிகச் சீரான பூச்சு அந்த ஜன்னலில் விழுந்ததுதான் என்று இன்னும் சொல்லிச் சிரிக்கிறோம். இப்போது ஜன்னலின் உட்புறத்தில் சிறிய பிடி ஒன்றை வைத்து, ஒவ்வொரு தடவையும் நுண்ணோக்கிக்கான கண்ணாடிச் சில்லு ஒன்றைச் சொருகுகிறோம். அலுமினியம் பரவும் கட்டம்வரை அது தெளிவாக இருக்கிறது. பார்க்க வேண்டியது அதுவரைதான். முடிந்ததும் எடுத்து எறிந்துவிடலாம்.

ஃபிலமென்ட் இருக்கும் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, அதன் சராசரி வெளிச்சத்தை எபிக்ஸில் ஓர் எண்ணாகவும் பதிகிறேன். அலுமினியம் கம்பியில் பரவும் அந்தக் கணத்தில் எண் சற்று இறங்கி ஏறுகிறது. நான்கு ஓட்டங்களிலும் அதே இடத்தில் அதே பள்ளம். மின்சாரத்தை எப்போது முழுதாக ஏற்றலாம் என்பதற்குக் கண்ணைவிட இந்தப் பள்ளம் நல்ல குறியாகத் தெரிகிறது. ஆனால் நான்கு ஓட்டத்தை நம்பி அதைத் தானியங்கியாக்க எனக்குத் துணிவில்லை.

பனிமூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலை இல்லாத இரவுகளில் கேமராக்களை அணைத்து வைத்தேன். தேய்மானம் குறையும் என்ற நல்லெண்ணம். விடிகாலையில் போட்டால் தண்ணீர்க் குழாயைப் பார்க்கும் கேமராவில் எல்லாம் பாலாகத் தெரிந்தது. லென்சின் பின்பக்கம், சென்சார் கண்ணாடியில் ஈரம் கோத்திருந்தது. ஒரு கேமரா எடுப்பது மூன்று வாட் மின்சாரம், அந்தச் சூடே ஈரத்தை அண்டவிடாது. இப்போது அவற்றை அணைப்பதே இல்லை. கூடவே ஒவ்வொரு கூட்டிலும் ஒரு சிறு பை சிலிக்கா ஜெல் உண்டு. நீலம் இளஞ்சிவப்பானால் அடுப்பில் வறுத்து மறுபடி வைக்கிறோம்.

செலவு: கேமரா 52,500, லென்ஸ் மூன்று 12,600, சுவிட்ச் 11,400, சிறு கணினி 21,000, ஃபைபரும் கன்வெர்ட்டரும் 5,800, குழாய், கேபிள், கிளாம்ப், கண்ணாடிச் சில்லு முதலியவை 3,900. மொத்தம் 1,07,200 ரூபாய். இடி தின்ற சுவிட்சும் வாசலுக்குப் போன சிசிடிவியும் இதில் சேரவில்லை.

மறுபடி செய்வதாக இருந்தால், டயலுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் இந்தக் கேமராக்களை வாங்க மாட்டேன். அவை இரண்டும் மெதுவாக மாறுபவை. சிசிடிவி கேமரா தரும் ஒற்றைப் படத்தை வலை முகவரியிலிருந்து இரண்டு விநாடிக்கு ஒருமுறை எடுத்துவரும் டிரைவர் ஏரியா டிடெக்டரிலேயே இருக்கிறது. கேமராவும் லென்சுமாக நாற்பதாயிரத்துக்கு மேல் வந்த இடத்தில் ஆறாயிரத்தில் முடிந்திருக்கும். சிசிடிவி ஃபிலமென்ட்டில் தோற்றதும் எதற்குமே உதவாது என்று முடிவெடுத்தது என் அவசரம். பிவிசி குழாய்க்குள் ஒரு ஃபைபருக்குப் பதில் இரண்டை விட்டிருப்பேன். கணினியை முதல் நாளே கொட்டகையில் வைத்திருப்பேன்.

வியாழன் இரவு நான்கரை மணி நேர ஓட்டத்தில் தவறிய பாக்கெட்டுகளின் எண்ணிக்கையைக் குறித்து வைத்திருக்கிறேன்: முதல் கேமரா 0, இரண்டாவது 0, மூன்றாவது 3. அந்த மூன்றும் எங்கே போயின என்று இன்னும் தேடவில்லை.